கறுப்புக் கட்டத்துக்கு நன்றி

பெருமதிப்புக்குரிய ‘லிம்கரைக் குரல்’ வார இதழ் ஆசிரியர் ஒப்ரென் அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற ரயில்நிலைய அதிகாரி மிலிசாவ் தொப்பியைக் கழற்றி வணங்கி எழுதுவது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டும். இங்கு நான் நலம். என் மனைவி தாரிங்காவும் உயிருடன் நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

“சாப்பிடும்போதாவது அந்தப் பேப்பரை மடிச்சு வையேன்யா, நான் என்ன செவுத்துக்கிட்டயா பேசறேன்?” என்று போன மாதம் கேட்டாள் தாரிங்கா, நான் பக்கத்தைத் திருப்பினேன், அவள் பெட்டியோடு நிக்ஷிச் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். போன் செய்து கூப்பிட ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதற்குள் எங்கள் குலப் புனிதர் நிக்கோலாவின் திருநாள் நெருங்கிவிட்டது. அன்றைக்கு ஊரே அழைக்காமல் வந்து உட்காரும், எனக்கோ விருந்துக்கான மீனைச் சுத்தம் செய்யக்கூடத் தெரியாது, ஆகவே “இவ்வாண்டு திருநாளுக்கு விருந்தினரை வரவேற்க இயலாது” என்று தங்களிடம் ஒற்றை வரி அறிவிப்பு கொடுத்தேன். சாவு விழுந்த வீட்டார்தான் நம் ஊரில் அப்படி அறிவிப்பார்கள் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. தாங்களும் என் மனம் நோகக்கூடாதென்று காரணமே கேட்காமல், சுற்றிலும் கறுப்புக் கட்டம் கட்டி, மேலே சிலுவையும் வைத்து வெளியிட்டுவிட்டீர்கள்.

வியாழன் பேப்பர் வந்தது. வெள்ளி காலை கறுப்பு உடையில், துக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் காப்பித்தூளும் சர்க்கரையும் பிராந்தியுமாக வாசல் நிறையக் கூட்டம். வீட்டில் தாரிங்காவைக் காணோம், ஆகவே செத்தது அவள்தான்.

“அவ உயிரோடதான் இருக்கா!” என்று கத்தினேன்.

“ஆமாண்ணே, நம்ம மனசுல என்னைக்கும் உயிரோடதான் இருப்பா” என்று ரொட்டிக்கடை மிலேவா என் முதுகைத் தடவினாள்.

வேலித் தகராறில் பதினோரு வருஷமாக முகம் பாராத என் தம்பி வுகோட்டா, “அண்ணிய கடைசியா ஒரு தடவ பாக்கலியேண்ணா” என்று கட்டிக்கொண்டு கதறினான், அந்த அணைப்பை விட மனசில்லாமல் நானும் சும்மா இருந்துவிட்டேன், என் குற்றம் அதுதான். அப்புறம் ஆளாளுக்குச் சொன்னார்கள். மிலேவா படுக்கையில் கிடந்த குளிர்காலம் முழுக்க தாரிங்கா தினமும் சூப் கொண்டுபோய் ஊட்டினாளாம். நாற்பது வருஷம் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவன், எனக்கு இது தெரியாது. சொல்லித்தான் இருப்பாள், நான் தங்கள் நான்காம் பக்கத்தில் இருந்திருப்பேன். நிஜமாகவே போயிருந்தால் என்று ஒரு கணம் நினைத்தேன் ஐயா, குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

துக்கம் கேட்க வந்த கூட்டம் ஓயாதிருந்த ஞாயிறு மதியம் தாரிங்கா உள்ளே வந்தாள். மிலேவா சிலுவை போட்டுக்கொண்டு மயங்கினாள்.

“என் நல்ல கோப்பையில சிகரெட் சாம்பல் தட்டினது எவன்?” என்றாள் தாரிங்கா. வுகோட்டா அழுதுகொண்டே கையைத் தூக்கினான்.

என் தம்பியையும், என் மனைவியையும் திருப்பித் தந்தது தங்கள் கறுப்புக் கட்டம். கோடி நன்றி. திருநாளுக்கு விருந்து உண்டு என்று, கட்டம் இல்லாமல், போட்டுவிடுங்கள். தங்கள் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்கட்டும்.

தங்கள் வாசகன்,
மிலிசாவ்

பி.கு.: இதை எழுதும்போதே தாரிங்கா சொல்கிறாள், மகள் வீட்டுக்கும் தங்கள் பேப்பர் வருகிறதாம், அறிவிப்பை வெள்ளிக்கிழமையே இவள் பார்த்துவிட்டாளாம். “அப்பவே ஏன் போன் பண்ணல?” என்றேன். “ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிஞ்சவன், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுவான்னு காத்திருந்தேன்” என்றாள். ஆகவே ஐயா, இது தங்களுக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதமே அல்ல. நேரில் கொடுக்க வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து தபாலில் திருப்பி அனுப்பிவிடுங்கள். விலாசம் இதேதான், பெயரை மட்டும் தாரிங்கா என்று போடுங்கள்.