பிருந்தாவின் படிப்பும் உடையப்பனின் எக்செல்லும்

எதைத் தொட்டாலும் "போட்டது எப்பத் திரும்பி வரும்?" என்று கேட்கிற ஓர் இனம் வளைகுடா நாடுகளில் பல்கிப் பெருகியிருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு ஷவர்மா வாங்குவதற்குள் திர்ஹத்தை ரூபாயாக்கி, அந்த ரூபாய்க்கு ஊரில் எத்தனை பேர் சாப்பிடலாம் என்று வகுத்து, பசியே அடங்கிய பிறகு பர்சைத் திறப்பார்கள். டிக்கெட் விலை இறங்கட்டும் என்று காத்திருந்து, சொந்தத் தங்கையின் கல்யாணத்தை வீடியோ காலில் பார்ப்பார்கள். கஞ்சர்களா? சேச்சே! கஞ்சனுக்குக் கொடுக்க மனம் வராது. இவர்களுக்கு மனமெல்லாம் வந்துவிடும், கணக்குதான் முடியாது.

துபாயின் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருக்கும் உடையப்பன் இந்த இனத்தின் அசல் வார்ப்பு. சிவகங்கைப் பக்கத்துக்காரர். அவருடைய மகள் பிருந்தா ப்ளஸ் டூ முடித்திருந்தாள். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மூன்றாவது தோசைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, ஷார்ஜாவுல ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல மெடிக்கல் அசிஸ்டெண்ட் கோர்ஸ் இருக்கு. டூ இயர்ஸ்தான். பி.பி. பாக்குறது, பிளட் எடுக்குறது, ஈசிஜி எல்லாம் சொல்லித் தருவாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குப்பா."

வேறொரு அப்பாவாக இருந்தால் "சரி" என்றிருப்பார், அல்லது "வேண்டாம்" என்றிருப்பார். உடையப்பன் லேப்டாப்பைத் திறந்தார்.

கட்டணம் ஒரு வரிசை. பஸ் ஒரு வரிசை. வெள்ளைக் கோட்டு, ஸ்டெதஸ்கோப், புத்தகம், லைசென்ஸ் பரீட்சை, பரீட்சை நாளில் டாக்ஸி. எதிர்ப்பக்கத்தில் தொடக்கச் சம்பளம், வருடாந்திர உயர்வு, உயர்வு கொடுக்காத முதலாளிக்காக ஒரு கழித்தல். எல்லாம் கூட்டி, எத்தனையாவது மாதத்தில் போட்ட பணம் மீளும் என்று ஒரு கட்டத்தில் வரும். அதற்கு அவர் பச்சை வண்ணம் பூசியிருந்தார். மகளுக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு மட்டும் எக்செல்லில் கட்டம் இல்லை.

"ஏங்க, புள்ள கேட்டு மூணு வாரமாச்சு. ஆமாவா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் மனைவி சீதாலட்சுமி.

"சொல்றேன் சீதா. ஷூ தேய்மானம் மட்டும் பாக்கி."

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வீரபாண்டியிடம் யோசனை கேட்டார். "அண்ணே, இஞ்சினியரிங் போட்டுப் பாத்தீங்களா?" என்றான் அவன். இரண்டாவது ஷீட் பிறந்தது. நர்சிங்குக்கு மூன்றாவது. படிப்புக்கு ஆகும் பணத்தை அப்படியே வங்கியில் போட்டால் என்ன வரும் என்று நான்காவது. யாரையும் எதுவும் படிக்கவைக்காமல் இருப்பதே ஆக லாபகரமானது என்று நான்காவது ஷீட் சொன்னபோது உடையப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தார். ஆனால் அழிக்கவில்லை.

ஆகஸ்டில், வெயில் உச்சியில், கிடங்கிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். வீரபாண்டி கைத்தாங்கலாகப் பக்கத்து க்ளினிக்குக்குக் கொண்டுபோனான். பி.பி. பார்க்கப் பட்டையைக் கையில் சுற்றிய பெண் ராமநாதபுரத்துக்காரி. சட்டையில் நாகஜோதி, மெடிக்கல் அசிஸ்டெண்ட் என்று அட்டை. நம்மவர் துள்ளி எழப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்தப் படிப்புக்கு எவ்வளவு ஆச்சு? சம்பளம் என்ன தர்றாங்க?"

"பேசாதீங்கண்ணே, ரீடிங் தப்பா வரும்."

"அலவன்ஸ் உண்டா?"

ரீடிங் ஏறியது. அவள் சிரித்துக்கொண்டே தொகைகளைச் சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"போட்டது எத்தனை மாசத்துல மீண்டுச்சு?"

"யாருக்குண்ணே தெரியும்? படிச்சு முடிச்சேன், டூட்டிக்கு வந்தேன். தம்பி காலேஜ் போறான், வீட்டுக்குக் கூரை மாத்தியாச்சு. அதை எண்ணிப் பாக்க நேரமில்லையே. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

காலையில் அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. ஷீட் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் அறிவித்தார்: "பிருந்தா, சேந்துரும்மா!"

பிருந்தா நிமிர்ந்து பார்த்தாள். "அட்மிஷன் போன வாரமே க்ளோஸ்ப்பா. உங்களுக்கு ரெண்டு தடவை ரிமைண்டர் அனுப்பினேன்."

அழவில்லை, கத்தவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டுக்கு அவ்வளவு தண்ணீரா என்று கேட்க உடையப்பனுக்கு வாய் வரவில்லை. சீதாலட்சுமி மேசையிலிருந்த லேப்டாப்பை மூடிவைத்தாள்; அதுதான் அவரை அதிகம் சுட்டது.

மறுநாள் லீவு போட்டுக் கல்லூரிக்குப் போனார். கெஞ்சினார். அடுத்த பேட்ச் ஜனவரியில்தான், கட்டணமும் பத்து சதவீதம் ஏறிவிட்டது என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகத் தள்ளுபடி கேட்காமல் பணத்தைக் கட்டினார். ரசீது வாங்காமலே கிளம்பியவரைக் கவுண்ட்டர்காரர் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் போனை எடுத்தார். மகளுக்குத் தள்ளிப்போன மாதங்களின் சம்பளம், ஏறிய கட்டணம், இரண்டையும் கூட்டினார். அரை நிமிடத்தில் விடை வந்தது. மூன்று மாதமாகக் கணக்கை முடிக்க முடியாதிருந்த மனிதரின் முதல் முழுக் கணக்கு.

"யோசிச்சதுக்கு ஆன செலவுடா இது. யோசனை என்னுது, நட்டம் அவளுக்கு" என்று மறுநாள் கிடங்கில் வீரபாண்டியிடம் தலையில் அடித்துக்கொண்டார். இஞ்சினியரிங் ஷீட்டைத் தொடங்கிவைத்தவன் அல்லவா, வீரபாண்டி தன் காசில் டீ வாங்கிவந்தான்.

ஜனவரியில் பிருந்தா சேர்ந்தாள். வகுப்பில் நன்றாகவே படிக்கிறாளாம்.

உங்களுக்கு இந்த வியாதி இல்லை, தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கட்டணம் எத்தனை திர்ஹம், நாகஜோதியின் சம்பளம் எத்தனை திர்ஹம் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. அந்த இரண்டு எண்களுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்? வாருங்கள், கூச்சப்படாதீர்கள். உடையப்பனுக்குப் பக்கத்து நாற்காலி காலி. அதற்கடுத்ததில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.