சம்பந்தியம்மாளுக்குச் சோடா இல்லை

காசல்,
திங்கட்கிழமை காலை

அன்புத் தங்கை கெர்லிண்டேவுக்கு,

அண்ணன் வோல்ஃப்ராம் எழுதிக்கொள்வது. உடம்பு நலம், மனசைப் பற்றிக் கேட்காதே. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். குறையாவிட்டாலும் சனிக்கிழமை நீ ரயிலேறி வந்தாக வேண்டும். நம் பெண் ஸ்வென்யாவின் கல்யாணம் என்னால் நின்றுவிடும் போலிருக்கிறது.

நேற்று மாப்பிள்ளை தில்மானின் அம்மா, திருமதி ப்ராக்மன், முதன்முறையாக நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கணவரை இழந்தவர், நிமிர்ந்த நடை, வெள்ளைச் சட்டை. உட்காரவைத்த பிறகுதான் பார்க்கிறேன், சோடாத் தண்ணீர்ப் பெட்டியில் இருப்பதெல்லாம் காலி பாட்டில். உன் அண்ணி உயிரோடு இருந்திருந்தால் முன்கூட்டியே பார்த்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்? குழாய்த் தண்ணீரைக் கூஜாவில் பிடித்து, எலுமிச்சை வில்லை மிதக்கவிட்டு வைத்தேன். அந்த அம்மாள் கூஜாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது குழாயிலேர்ந்தா?"

"நல்ல தண்ணிங்க. நகராட்சியில சோதிச்சுத்தான் விடுறாங்க."

ஸ்வென்யா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். "பூச்செடிக்கு ஊத்துறதைப் போய் விருந்தாளிக்கு வைக்கிறீங்களேப்பா" என்று பல்லைக் கடித்தாள். அப்போதுதான் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய சோடா மிஷின் ஞாபகம் வந்து, அதைத் தூசி தட்டி எடுத்து, வெறும் தண்ணி என்னத்துக்கு, மரியாதையா இருக்கட்டுமேன்னு ஆப்பிள் ஜூஸை ஊத்தி அழுத்தினேன் பாரு, நுரை கூரைக்குப் போய், கூரையிலேர்ந்து சம்பந்தியம்மா தலையில இறங்கி, சட்டையெல்லாம் நனைஞ்சு, இறைச்சிக் குழம்பும் பாழ். தில்மான் நிதானமாக, "அதுல ஜூஸ் போடக் கூடாது மாமா, மேலேயே எழுதியிருக்கு" என்றான். அவன் அம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு எழுந்தார், தோள் குலுங்கியது. அழுதுகொண்டே படியிறங்கிவிட்டார், கெர்லிண்டே. ஸ்வென்யா போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். நீதான் வந்து அந்த அம்மாளிடம் பேச வேண்டும்; உன் பேச்சுக்கு யாரும் மசிந்துவிடுவார்கள்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. குழந்தைகளுக்குச் சளி பிடிக்காமல் இருக்கட்டும்.

கலங்கிய நெஞ்சுடன்,
வோல்ஃப்ராம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. திருமதி ப்ராக்மன். "மன்னிச்சுடுங்க, மேசையிலேயே வாய்விட்டுச் சிரிச்சிடுவேனோன்னு பயந்துதான் ஓடினேன். அவர் போனப்புறம் இப்படிச் சிரிச்சதே இல்லை" என்றார். சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஆற்றோரம் நடக்கப் போகிறோம். நீ தயவுசெய்து வந்துவிடாதே. தபால்தலை ஒட்டிவிட்டதால் மட்டும் இதை அனுப்புகிறேன்.