றிசேர்வ் அண்ணையும் வாங்கில் இருந்த நெடுவலும்

"…அதெல்லாம் சரி தம்பி, இனி நான் ஆருக்காகப் பிழை விடுறது? அதைச் சொல்லு பாப்பம்!"

றிசேர்வ் அண்ணை இப்படிக் கேட்டபோது அவர் கையில் ஒரு கோப்பிக் கரண்டி இருந்தது. அதற்கு முந்திய ஒரு கிழமையில் அடுத்தடுத்து வாங்கிய அதிர்ச்சியில் எனக்கு வாய் திறக்கிற பழக்கமே விட்டுப் போயிருந்தது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று விளங்கும்.

பலெர்மோ நகரத்தில் றிசேர்வ் அண்ணையைப் போல மோசமான வேலைக்காரன் இருந்ததில்லை. இதை நான் தனியாகச் சொல்லவில்லை, ஒன்பது வருடமாக ஊரே சொன்னது.

எங்கள் பலெர்மோத் தமிழில் வீடு என்றால் நாங்கள் குடியிருக்கிற வீடில்லை, வேலை செய்கிற வீடு. "எனக்கு மூண்டு வீடு இருக்கு" என்று ஒருவர் சொன்னால் பெரிய பணக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வீட்டுக் கக்கூசும் அவர்தான் கழுவுகிறார். ஊருக்குப் போகிறவர் தன்னுடைய வீட்டை யாராவது ஒருத்தரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அவர் ரெண்டு மாதம் பார்த்துக்கொள்வார், திரும்பி வந்ததும் தந்துவிடுவார். தருவார் என்பது நம்பிக்கைதான். தாயின் செத்தவீட்டுக்குப் போய்வந்த ஒருத்தர் கதவைத் தட்ட, மாற்றுக்கு விட்டுப்போன ஆள் வீட்டுக்கார அம்மா, அதாவது சிஞ்ஞோரா, வாங்கிக் கொடுத்த புதுச் செருப்போடு வந்து திறந்து, "ஆர் வேணும்?" என்று கேட்ட கதை எங்களுக்குள்ளே பேய்க்கதை மாதிரி உலவுகிறது. வீடு போனால் கொன்ட்ராத்தோ போச்சு. அந்த வேலை ஒப்பந்தம் இல்லாவிட்டால் பெர்மெசோவைப் புதுப்பிக்க ஏலாது. பெர்மெசோ என்பது இந்த நாட்டில் நாங்கள் மூச்சு விடுவதற்கான கடதாசி.

ஆகவே எல்லோரும் வீட்டை றிசேர்வ் அண்ணையிடம்தான் கொடுப்போம். அவர் நேர்மையானவர் என்பது பாதிக் காரணம். அவர் வேலை செய்த லட்சணத்துக்கு எந்தச் சிஞ்ஞோராவும் அவரைப் பிடித்து வைத்திருக்கமாட்டாள் என்பது மீதிக் காரணம். பஸ்தா அவிக்கிற தண்ணீருக்கு ரெண்டுதரம் உப்புப் போடுவார். சட்டையை மினுங்க மினுங்க அயர்ன் பண்ணிவிட்டு ஒரு பக்கக் கொலரை மட்டும் உள்ளுக்கு மடித்து விடுவார். திரைச்சீலையைத் தோய்த்து உட்புறம் வெளியே தெரியத் தொங்கவிடுவார். ஊரிலிருந்து திரும்பியவரைக் கட்டிப்பிடித்து அழுத சிஞ்ஞோராக்கள் உண்டு. கபோச் சந்தைக்குள் தமிழ்க் கடை வைத்திருப்பவர் சொல்லுவார்: "உன்ரை அருமை சிஞ்ஞோராவுக்கு விளங்கவேணுமெண்டால் றிசேர்வை விட்டிட்டுப் போ!"

அண்ணைக்கென்று சொந்த வீடு கிடையாது. பிரான்காச்சோவில் ஒரு கட்டிடத்துப் படிக்கட்டுக் கழுவுகிற ரெண்டு மணித்தியாலக் கொன்ட்ராத்தோ மட்டும். முழுநேர வீடு கிடைத்தால்தான் ஊரிலிருக்கிற மனிசியைக் கூப்பிடலாம். மனிசி போனில் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் கேட்பாவாம்: "இன்னும் மற்றாக்களின்ரை வீட்டிலையோ நிக்கிறியள்?"

றிசேர்வ் என்றால் மாற்று ஆள், இத்தாலியனில் ரிசேர்வா; அந்தப் பட்டப் பெயர் அவருக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்திலே ஒரு உதைபந்தாட்டக்காரன் இருந்தான். சம்பளம் வாங்கி விளையாடுகிற அசல் கோல்கீப்பர். தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. ஆள் கதவு நிலையை விட உயரமாக நின்றதால் அண்ணை வைத்த பெயர் நெடுவல். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அண்ணை பஸ் பிடித்துக் கபோக் கடைக்கு வந்துவிடுவார். வெங்காயப் பெட்டிக்கு மேலே குந்தியிருந்து போனைத் திறப்பார். மச் தொடங்க ஒரு மணித்தியாலம் முந்தி ஆட்டக்காரரின் பட்டியல் வரும்.

"நெடுவல் இருக்கிறான்ரா!" என்று அவர் போடுகிற சத்தத்தில் கடைக்காரர் நிறுத்துக்கொண்டிருந்த கொச்சிக்காயைக் கொட்டிவிடுவார். நாங்களும் கை தட்டுவோம். நான் நான்கு வருடம் கை தட்டினேன்.

ஒருநாள் ஆசையில் போனை வாங்கி நானே பார்த்தேன். பதினொரு பேர் இருந்தது. நெடுவலைக் காணோம்.

"அண்ணை, இவன்ரை பேர் இல்லையே?"

"கீழை பார்."

கீழே சின்ன எழுத்தில், வாங்கில், அதாவது பெஞ்சில், குந்தியிருக்கிற மாற்று ஆட்டக்காரரின் பட்டியல். அதில் முதலாவதாக நெடுவல்.

"இண்டைக்கு வாங்கிலையோ இருக்கிறான்?"

"எண்டைக்கும் வாங்கிலைதான்."

"அப்ப இதுவரைக்கும் எத்தினை மச் விளையாடினவன்?"

அண்ணை வெங்காயத் தோலை விரலால் உரித்தபடி சாவதானமாகச் சொன்னார்: "இன்னும் இல்லை."

நான்கு வருடம் கை தட்டின கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பெரிய கழகமொன்றில் பெடியனாகச் சேர்ந்தானாம், அங்கே வாங்கு. அவர்கள் சின்னக் கழகமொன்றுக்கு இரவல் கொடுத்தார்களாம், அங்கேயும் வாங்கு. பிறகு மூன்றாவது கழகம் சொந்தமாகவே எடுத்ததாம். அந்த வாங்குக்கு மேலே கூரை இருந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

"விளையாடாட்டில் என்னடா?" என்று அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒவ்வொரு சனியும் சப்பாத்துக் கட்டி, கையுறை போட்டு, உடம்பைச் சூடாக்கிப்போட்டு ஆயத்தமா இருக்கிறான். கூப்பிடாததுக்கு அவன் என்ன செய்வான்?"

அண்ணையும் நெடுவலும் சந்தித்த கதை சின்னது. அந்தக் கழகம் ஒரு கோடையில் சிநேக ஆட்டத்துக்கு இங்கே வந்து கடற்கரை ஹோட்டலொன்றில் தங்கியது. ஹோட்டலில் உடுப்புத் தோய்க்கிற வேலைக்காரர் ஊருக்குப் போயிருந்தார். அவருக்கு மாற்றாக யார் நின்றிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மற்ற ஆட்டக்காரரெல்லாம் ஊத்தை உடுப்பைக் கதவடியில் எறிந்துவிட, ஒரு நெட்டைப் பெடியன் மட்டும் தன் கையுறையைத் தானே தோய்க்கக் கீழே இறங்கி வந்தான். "நீங்கள் எப்பவும் இஞ்சையோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறான். அண்ணை தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், "இல்லை, நான் இன்னொருத்தன்ரை இடத்திலை நிக்கிறன்" என்றிருக்கிறார். அவன் சிரித்துத் தன் நெஞ்சில் தட்டி, "நானும் அப்பிடித்தான்" என்றானாம். போகும்போது கையுறையைக் கொடுத்துவிட்டுப் போனான். அது இன்றைக்கும் அண்ணையின் சாமித் தட்டில் முருகனுக்கும் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் நடுவில் இருக்கிறது. ரெண்டு உள்ளங்கையிலும் வீபூதிக் குறி.

வருடத்துக்கு ஒருக்கா நெடுவலுக்காக நேர்த்தி வைத்துப் பெல்லெகிரீனோ மலைக்கு வெறுங்காலோடு ஏறுவார். சைவர் வேதக்காரர் என்ற பேதமில்லாமல் நாங்கள் எல்லோரும் ஏறுகிற மலைதான். ஒருமுறை நானும் கூடப் போனேன். குகைக்குள் சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கண்ணை மூடி நின்றவரிடம், "நெடுவலைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டியளோ?" என்றேன்.

"சீச்சீ! அந்த முதல் கோல்கீப்பற்றை முழங்காலுக்கு ஒண்டும் வரக்கூடாது எண்டு கேட்டனான்."

"என்ன? ஆற்றை முழங்கால்?"

"அவன்ரை கால் முறிஞ்சால்தானே இவனைக் கூப்பிடுவாங்கள். ஒருத்தன்ரை காலை முறிச்சோ இவன் விளையாடுறது? உள்ளுக்கை போனாலும் சந்தோசமா விளையாடுவானோ?"

மலை இறங்கி ஒரேத்தோவில் இருக்கிற என் அறைக்கு வந்து சேர்வதற்குள் இந்த மனிதருக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டினேன்.

அந்தப் பைத்தியத்திடம்தான் இந்த வருடம் நான் என் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனேன். அக்காவின் மகளுக்கு யாழ்ப்பாணத்தில் கல்யாணம், ரெண்டு மாதம். என் சிஞ்ஞோரா கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், எண்பத்து நான்கு வயது, தனி ஆள். பதினொரு வருடமாக எனக்கு அந்த ஒரே வீடுதான். திரும்பி வந்து ஒரு மாதத்தில் பெர்மெசோ புதுப்பிக்க வேண்டும்.

கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் நிற்கும்போது அண்ணையின் போன் வந்தது. அழுகிறார். சிஞ்ஞோராவுக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துப் பந்தியை விட்டு வெளியே ஓடினேன்.

"தம்பி, நெடுவலைக் கூப்பிட்டிட்டாங்கள்!"

பருவத்தின் கடைசி மச்சாம். முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருக்கிறபோது அந்த முதல் கோல்கீப்பர் தானாகவே கையைத் தூக்கியிருக்கிறான். காயமில்லை, ஒன்றுமில்லை. நடந்து போய் வாங்கடியில் நின்று, "இவன் போகட்டும்" என்றிருக்கிறான்.

"எத்தினை பந்து பிடிச்சவன் அண்ணை?"

"ஒரு பந்தும் வரேல்லை. ஒரு கோலும் விடேல்லை! வாழ்க்கையிலை ஒரு கோலும் விடாத கோல்கீப்பர் வேறை ஆர் இருக்கிறான், சொல்லு?"

அடுத்த கிழமை கழகம் நெடுவலை விட்டுவிட்டது. ஒன்பது வருடத் தொழில் பதினொரு நிமிடத்தோடு முடிந்தது.

நான் பலெர்மோவுக்குத் திரும்பிய அன்றே சிஞ்ஞோராவைப் பார்க்கப் போனேன். வழக்கப்படி என்னைக் கட்டிப்பிடித்து அழப்போகிறார் என்று தோளைத் தயாராக்கிக்கொண்டு போனேன். அவர் அழவில்லை. குசினியில் கதிரையைக் காட்டி, "இரு" என்றார். பதினொரு வருடத்தில் முதல்தரமாக இருக்கச் சொல்கிறார். மூலையில் றிசேர்வ் அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இந்த மனுசன் ஒரு பொய்யன்" என்றார் சிஞ்ஞோரா.

எதையாவது உடைத்துவிட்டாரோ, எடுத்துவிட்டாரோ? சிஞ்ஞோரா ஒரு கொப்பியைத் திறந்து கண்ணாடியைப் போட்டார். திங்கள், உப்புக் கூட. செவ்வாய், கொலர். புதன், பூனையின் சாப்பாடு என் பீங்கானில். வியாழன், திரைச்சீலை. "ஒரு நாளைக்கு ஒரு பிழை. ரெண்டு இல்லை, ஒண்டுதான்! பிறகு எனக்கு ஒன்பது நாள் காய்ச்சல். அந்த ஒன்பது நாளும் பார்." பக்கம் வெறுமையாக இருந்தது. "ஒரு பிழை இல்லை. அப்படி ஒரு சூப்பை என் தாய்கூட வைத்ததில்லை. காய்ச்சல் விட்டு நான் எழும்பி உட்கார்ந்த அன்று மத்தியானம், பஸ்தாவுக்கு ரெண்டுதரம் உப்பு! நாற்பது வருடம் படிப்பித்தவள் நான். விடை தெரிந்துகொண்டு பிழையாக எழுதுகிற பிள்ளையை எனக்குத் தெரியாதா?"

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"அண்ணை, வேணுமெண்டோ செய்தனீங்கள்?"

"வேறை என்ன செய்ய?" என்றார் மெதுவாக. "திறமாச் செய்தால் என்னைப் பிடிச்சு வைச்சிருப்பா. உன்ரை பெர்மெசோ என்ன ஆகிறது?"

"மற்ற வீடுகளிலையும்…?"

"எல்லா வீட்டிலையும்தான். வாங்கிலை இருக்கிறவன் மற்றவன்ரை இடத்தைப் பிடிக்கக்கூடாது கண்டியோ."

"நான் இவரைத்தான் வைத்திருக்க யோசித்தேன்" என்றார் சிஞ்ஞோரா, என் முகத்துக்கு நேரே. "கேட்டேன். மாட்டாராம். ‘இயோ ரிசேர்வா, சிஞ்ஞோரா’ என்கிறார்."

வீடு தப்பிவிட்டது என்று நெஞ்சு ஆறவேண்டிய நேரம், ஆறவில்லை. எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அதே கட்டிடத்தில் ரெண்டாம் மாடியில் சிஞ்ஞோராவின் தங்கை இருக்கிறார். போன வருடம் அவர் என்னிடம் முழுநேரத்துக்கு நல்ல ஆளொருத்தர் கேட்டு, றிசேர்வ் அண்ணையைப் பற்றியும் விசாரித்தார். "ஐயோ சிஞ்ஞோரா, அந்த ஆளோ? கோப்பிக்குள்ளையும் உப்புப் போடும்!" என்று சொல்லிச் சிரித்து அந்த வேலையைக் கெடுத்தவன் நான்தான். சிரிப்புக் கதைதானே என்று அதைக் கபோக் கடையிலும் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அந்த வருடம் முழுக்க அண்ணையின் மனிசி போனில் கேட்ட கேள்வி காதுக்குள் கேட்டது.

எழும்பினேன். அண்ணையையும் இழுத்துக்கொண்டு ரெண்டு மாடி இறங்கினேன். தங்கைச் சிஞ்ஞோரா கதவைத் திறந்ததும், ஊரிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தையும் கொடுக்காமல், "கோப்பிக்குள்ளை உப்பு எண்டு நான் பொய் சொன்னனான்" என்றுதான் தொடங்கினேன். மேலேயிருந்து என் சிஞ்ஞோரா கொப்பியோடு வந்து மிச்சத்தைச் சொன்னார். தங்கை கொப்பியை ரெண்டுதரம் படித்தார். வெறுமையான பக்கத்தில்தான் கனநேரம் நின்றார். "திங்கட்கிழமை வரட்டும்" என்றார். முழுநேரம், கொன்ட்ராத்தோவோடு.

திங்கட்கிழமை காலை நானும் கூடப் போனேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அண்ணை தன் சொந்த வீட்டின் குசினியில் நின்றார். தங்கைச் சிஞ்ஞோரா வெளி அறையில் இருந்தார். மனிசிக்குச் சொன்னீர்களா என்று கேட்டேன். "சொன்னனான். ஆற்றை வீடு எண்டு மூண்டுதரம் கேட்டவ" என்றார். அடுப்பில் மோக்காக் கேத்தல் இரைந்தது. கோப்பி வாசம் எழும்ப, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே யோசித்து நின்றார். உப்பு டப்பா பக்கத்திலேயே இருந்தது. அப்போதுதான் என் பக்கம் திரும்பி, ஆருக்காக இனிப் பிழை விடுறது என்று அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ரெண்டு கோப்பையில் ஊற்றினார். ஒன்றை அளவான சீனியோடு கலக்கி, துளி சிந்தாமல் கொண்டுபோய்ச் சிஞ்ஞோராவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மற்றதை எனக்கு நீட்டப் போனவர் நிறுத்தி, என் கண்ணுக்கு முன்னாலேயே ஒரு கரண்டி உப்பை அள்ளி அதற்குள் போட்டு, நிதானமாகக் கலக்கித் தந்தார்.