இணைச்சீருக்கு முந்தின நாள் போட்ட ஊசி

கண்ணாடி முன்னால் நின்று எடுக்கும் முடிவை யாரும் வீட்டில் சொல்லிவிட்டு எடுப்பதில்லை. நானும் சொல்லவில்லை. அதனால் என் தம்பியின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

எனக்கு ரொசேசியா. கன்னமும் மூக்கும் எந்நேரமும் சிவந்து, எரிந்து, பொடிப்பொடிப் பருக்களோடு இருக்கும். (கணபதி என்கிற ஊரில் இருக்கும் எங்கள் லேத் பட்டறைக்கு வருபவர்கள், நான் அப்போதுதான் வீட்டுக்காரரோடு சண்டை போட்டு முடித்தேன் என்று நினைத்துப் பேரம் பேசாமல் போவார்கள்.)

களிம்பும் மாத்திரையும் ஓரளவுதான் கேட்டன. தோல் டாக்டரம்மா ஹையலூரானிக் ஆசிட் ஊசி பற்றிச் சொன்னார். ஆசிட் என்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"உங்க தோலுக்குள்ள ஏற்கெனவே இருக்கறதுதானுங்க. ஈரத்தைப் புடிச்சு வெக்கும், எரிச்சல் குறையலாம். எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு, "ரெண்டு மூணு நாளைக்குத் தடிப்புத் தடிப்பா நிக்கும். வீட்ல விசேஷம் ஏதாவது இருக்குங்களா?"

"ஒண்ணுமில்லைங்க" என்றேன். அன்றைக்கே ஊசியும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவிநாசியில் தம்பிக்கு இணைச்சீர். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்தாக வேண்டிய சீர். அது முடிந்தால்தான் விடிகாலையில் முகூர்த்தம். அவனுக்கு அக்கா, தங்கை எல்லாம் நான் ஒருத்திதான். வீடியோவில் தக்காளியாகத் தெரியக் கூடாது என்பது என் லட்சியம். (ஒரே நாளில் முகம் பளிங்காகிவிடும் என்று யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானேதான்.)

மறுநாள் மத்தியானம், மண்டபத்து அறையில், நான் முகத்தில் சுற்றியிருந்த துண்டைப் பிடித்து இழுத்தார் அப்பாவின் அக்கா, சென்னிமலை அத்தை. இரண்டு கன்னத்திலும் கொசு கடித்தது போலத் தடிப்புகள். அத்தை பின்னால் நகர்ந்து கைகூப்பினார்.

"ஏங்கண்ணு, அம்மை போட்டிருக்குதே."

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் பெண் வீட்டுக்காரர்கள் நான்கு பேர். நாற்பத்திரண்டு வயதில், தம்பி கல்யாணத்துக்காக மூஞ்சியில் ஊசி குத்திக்கொண்டவள் என்று எப்படிச் சொல்வது? "வேர்க்குருங்க அத்தை" என்றேன். அது தை மாதம்.

பத்து நிமிடத்தில் கதவில் வேப்பிலைக் கொத்து ஏறியது. அரை மணியில் பெண்ணின் அப்பா எங்கள் அப்பா முன்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க, ஆத்தா ஊட்டுக்கு வந்திருக்கறப்ப சீர் செய்யறது நல்லா இருக்குங்களா? இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க."

பட்டு வேட்டியைக் கையில் வைத்தபடி வாசலில் நின்ற தம்பி, என்னையே பார்த்தான். கீழே சமையல்கட்டில் தாளிக்கும் சத்தம் கேட்டது. அத்தை அரைத்த வேப்பிலையும் மஞ்சளுமாக ஒரு கிண்ணத்தோடு நெருங்கினார். முகத்தைத் தொடவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டினேன்.

அப்போது அத்தை வீட்டு மாமா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். மிளகாய் விவசாயி. தடுத்தும் கேட்காமல் கிட்டே வந்து, இரண்டு கன்னத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

"ஆத்தா இப்படி வரமாட்டாளே. கயிறு புடிச்சு நாத்து நட்டாப்ல இருக்குது. வரிசைக்கு வரிசை ஒரே அளவு. இது ஆள் நட்டது. யாரு அம்மணி நட்டாங்க?"

தம்பிதான் மெதுவாக, "அக்கா, என்ன பண்ணிப்போட்டே?" என்றான்.

தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். பெண்ணின் அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். "விசேஷம் ஒண்ணுமில்லைன்னுதானே சொன்னீங்க?" என்ற குரல் அறை முழுக்கக் கேட்டது. அதற்குப் பெண்ணின் அப்பா சிரித்த சிரிப்பில்தான் கல்யாணம் பிழைத்தது.

மூன்றாம் நாள் தடிப்பெல்லாம் அமுங்கியது. அத்தை போன் செய்தார். "கண்ணு, உன் மூஞ்சியைப் பாத்தவுடனே வேண்டிக்கிட்டேன், தெளிஞ்சா நீ பூவோடு எடுப்பேன்னு."

"அது அம்மையே இல்லீங்களே அத்தை."

"எதுவா இருந்தா என்ன, போயிருச்சல்ல? ஆத்தா அவ வேலையச் செஞ்சுபோட்டா."

பங்குனியில் பூவோடு என்கிற அந்த நெருப்புச் சட்டியை ஏந்தி மாரியம்மன் கோயிலைச் சுற்றினேன். ஊசிக்குத் தணிந்திருந்த முகம் அனலில் பழையபடி சிவந்தது. அருள் வந்துவிட்டது என்று பெண்கள் ஓடிவந்து காலில் தண்ணீர் ஊற்றினார்கள்.

இன்றும் சொந்தத்தில் யார் பத்திரிகை வைக்க வந்தாலும், தட்டை நீட்டும்போது மறக்காமல் சொல்கிறார்கள்: "குடும்பத்தோட வந்துருங்க. மூஞ்சிய மட்டும் இருக்கறபடியே கொண்டு வாங்க."