ஸ்டியரிங் ஸ்டெம் பரணி

செராமிக் தொழிற்சாலையின் மூன்றாம் சூளையைக் காத்து நிற்பவன், கன்வேயர் பெல்ட்டுகளின் கலக்கம் தீர்த்தவன், குளச்சல் கடற்கரையில் பிறந்து ராஸ் அல் கைமாவின் புழுதியில் புகழ் வளர்த்தவன், சூப்பர்வைசர் முன்னிலையில் தவிர வேறெங்கும் தலைகுனியாத தறுகண்ணன், மெயின்டனன்ஸ் ஃபிட்டர் பிரைட் நீடு வாழ்க. அவன் இடக்கை ஸ்பேனர் வாழ்க. வலக்கைச் சுத்தியல் வாழ்க. அவ்விரண்டும் கைவிட்ட வேளையில் துணைக்கு வந்த துருநீக்கி ஸ்பிரே, கடைசிச் சொட்டு வரை வாழ்க.

அம்மாவீரனுக்கு இடர் மச்சான் வடிவில் வந்தது. மனைவி டெல்சியின் அண்ணனும் பக்கத்து அறைவாசியுமான ஞானசிங், ஒரு மாத லீவில் ஊருக்குப் புறப்பட்ட அன்று, முற்றத்தில் நின்ற தன் சிவப்பு குவாட் பைக்கின் மேல், துயிலும் அரசனுக்குப் பட்டுப் போர்த்துவதுபோல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு ஓர் ஆணை மொழிந்தான்: "மாப்ள, வீட்டுல எத வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. இத மட்டும் தொட்டுராதீங்க."

டெல்சியின் சாசனம் அதனினும் கடியது. அவள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு நர்ஸ். குளிர்காலம் பிறந்தால் வாரந்தோறும் மணல்மேடுகளிலிருந்து வந்து குவியும் முறிந்த தோள்களுக்கும் பெயர்ந்த மணிக்கட்டுகளுக்கும் கட்டுப் போட்டுப் போட்டு, நாற்சக்கரமும் ஒற்றை இருக்கையும் கொண்ட அவ்வூர்திக் குலத்தின்மேல் தீராப்பகை வளர்த்தவள். அண்ணன் மட்டும், இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்று பைபிள்மேல் கை வைக்காத குறையாகச் சொல்லித் தன் வண்டியைக் காப்பாற்றி வந்தான்.

இருபத்து மூன்று நாள் நின்ற ஆணை, இருபத்து நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, டெல்சி ட்யூட்டிக்குப் போன கையோடு, தார்ப்பாயுடன் சேர்ந்து விலகிற்று. அதுவரை குவாட் ஏறியறியாத பிரைட், வான்தொடு மணற்குன்றின்மேல் இடியென முழங்கி ஏறி, ஏறியதினும் விரைவாக மறுபுறம் இறங்கி, முட்செடி ஒன்றின் அடியில் மல்லாத்திப் போட்ட ஆமைபோல் கிடந்தான். மேனியில் கீறல் இல்லை. ஆனால் எழுந்து வண்டியை நிமிர்த்திப் பார்த்தபோது பட்டப்பகல் இருண்டது. சக்கரங்கள் நேரே மலையை நோக்க, ஹேண்டில்பார் இடப்பக்கம் கோணிக் கடலை நோக்கியது. ஹேண்டிலையும் சக்கரங்களையும் பிணைக்கும் இரும்புத் தண்டு, ஸ்டியரிங் ஸ்டெம் என்னும் திருநாமம் உடையது, முறுகி வளைந்திருந்தது. மச்சான் வருவதற்கு ஏழே நாள். மச்சான் அறிந்தால் டெல்சி அறிவாள். டெல்சி அறிந்தால் வேறு யாரும் அறிய மிச்சம் இருக்காது.

கோணிய ஹேண்டிலோடே உருட்டி வண்டியை முற்றம் சேர்த்ததும் போர் மூண்டது. மேலே கவசமாய் நின்ற பிளாஸ்டிக் மூடிகள் முதல் நாழிகையிலேயே சரணடைந்தன. கிளாம்ப் போல்ட்டுகள் நான்கும் நால்வகைப் படைபோல் நின்று ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. அடியில் கோட்டையாண்ட பெருநட்டு ஒன்று மட்டும், மணலை உண்டு துருவை உடுத்து, அசையேன் என்று அமர்ந்திருந்தது. ஸ்பேனர் வழுக்க, விரல்முட்டி தோலுரிய, சுத்தியல் ஓங்க, பக்கத்து வீட்டுப் பூனை இடம்பெயர, அரை டப்பா துருநீக்கி மழையெனப் பொழிய, ஸ்பேனர் வாலில் சாரக் குழாயைச் செருகித் தன் எழுபத்தெட்டுக் கிலோவையும் அதன்மேல் ஏற்றினான் பிரைட். நட்டு 'கிறீச்'சென்று ஒரு சொல் சொல்லித் தோற்றது.

பிறனாயின் அத்தோடு புதுத் தண்டு வாங்கப் போயிருப்பான். ஃபிட்டர் குலத்தில் உதித்தவனோ, வளைந்த இரும்பைக் கண்டும் நிமிர்த்தாமல் மாற்றுவதை, பெற்ற பிள்ளையை மாற்றுவது போன்ற பாதகமாகக் கருதுபவன். தண்டை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் கிடத்தினான். இப்பக்கம் அழுத்த அப்பக்கம் வளைந்தது. அப்பக்கம் அழுத்த நடுவில் வளைந்தது. மூன்றாம் நாள், சாரைப்பாம்பு போன தடம்போலாகி, வெல்டிங் ஓரத்தில் விரிசல் ஒன்று பல்லிளிக்கக் கிடந்தது அது.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை நடத்தும் கீழக்கரை முகம்மது ரிபாய், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இத நிமித்துனீங்களா, பிழிஞ்சீங்களா?"

"லேசாத்தான் பாய், பிரஸ்ஸுல வச்சு..."

"ஸ்டெம்மு வளைஞ்சா மாத்தணும், நிமித்தப்புடாது. ஓடும்போது முறிஞ்சு கையோட வந்துரும். புதுசு துபாய்லேர்ந்து வரணும். வியாழக்கிழமை, இன்ஷா அல்லாஹ்."

முதல் பாதி அபயமும் பிற்பாதி அச்சமும் தந்த அவ்வருள்வாக்கைச் சுமந்து மூன்று நாள் தவமிருந்தான் பிரைட். தண்டு வியாழன் மாலை வந்தது. வெள்ளி காலை, கிரீஸ் மணக்க அது இறங்கிற்று, நட்டுகள் முறுகின, பூட்டு ஊசிகள் வளைந்தன, நூல் பிடித்து முன்சக்கரங்கள் சமன் செய்யப்பட்டன. சக்கரம் மலையை நோக்க, ஹேண்டிலும் மலையையே நோக்கியது. தார்ப்பாய், சுருக்கம் மாறாமல், பழையபடி ஏறியது.

மாலை நாலரைக்கு ஞானசிங் வந்திறங்கினான். பெட்டியை அறையில் வைத்தான், காப்பியை மறுத்தான், பிரிந்த காதலியிடம் செல்பவன்போல் முற்றத்துக்கு நடந்து தார்ப்பாயை உருவி, சாவி போட்டு ஏறினான். டெல்சி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிரைட் மூச்சை அடக்கி நின்றான். வண்டி உறுமிற்று, பாய்ந்தது, நேராகப் போகவேண்டிய இடத்தில் இடப்பக்கம் வெட்டித் திரும்பி, துணிக்கொடியை வாரிச் சுருட்டி, தண்ணீர் டாங்கின்மேல் முட்டி நின்றது.

தலைமேல் ஈரப் போர்வையோடு ஞானசிங் கேட்டான்: "மாப்ள, வண்டிய என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யலியே மச்சான்."

"செய்யாம எப்பிடி ஹேண்டிலு நேரா நிக்கி? இது இடப்பக்கமா கோணியில்லா இருக்கும். ஒண்ணர வருசமா அப்பிடிப் பிடிச்சுத்தான நான் நேரா ஓட்டுகேன்."

டெல்சி கையிலிருந்த கிளிப்பைக் கொடியில் மாட்டினாள். "ஏன் கோணிச்சு, அண்ணே?"

ஞானசிங் தலைமேல் கிடந்த ஈரப் போர்வையை உருவி மடிக்கத் தொடங்கினான்.

"சும்மா நின்ன வண்டி தானா எப்பிடி நேராச்சு?" என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

அக்கணம், இருபெரும் வேந்தரும் தேரிழந்து படையிழந்து ஒரே களத்தில் ஒரே குடைக்கீழ் நின்றாற்போல், ஒருவன் ஒன்றரை வருடம் மறைத்த வீழ்ச்சியும் மற்றவன் ஏழு நாள் மறைத்த வீழ்ச்சியும் ஒருங்கே வெளிப்பட, கிரீஸ் படிந்த பத்து விரல்களும் விமானக் களைப்புற்ற இரு கண்களும் செய்வதறியாது மயங்க, ராஸ் அல் கைமாவின் மலைகள் மௌனம் காக்க, இடம்பெயர்ந்த பூனை மதில்மேல் மீண்டு வந்து சாட்சியாய் அமர, திசையெட்டும் தீர்ப்புக்குக் காத்திருந்தது.

டெல்சி சாவியை உருவி மணிபர்சில் போட்டுக்கொண்டு, துணியை மறுபடி அலசப் போனாள்.