அடிமாலி இட்ட பெரிய முட்டை

வாசகரே, இன்று உங்களுக்கு ஒரு பிராணியை அறிமுகப்படுத்தப் போகிறேன். கோழியை அல்ல, கோழி வளர்ப்பவரை.

இவருக்குத் தற்சார்புக்காரர் என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் முளைப்பார். கோட்டயம் பக்கத்து மண்ணில் உரம் போடாமலே செழிப்பார். கையில் ஒரு கட்டு சிவப்புக் கீரையோடு யாராவது உங்கள் வீட்டுப் படியேறினால், உடனே கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கீரை இனாம்தான். கூட வரும் பிரசங்கத்துக்குத்தான் அரைநாள் போய்விடும். கடைக் காய் விஷம், கடை மிளகாய்த்தூள் விஷம், நாமக்கல் முட்டையைப் பற்றி அவர் ஆரம்பித்தால் குழந்தைகளை உள்ளே அனுப்பிவிடுவது நல்லது. "தமிழ்நாட்டு லாரி வரலைன்னா நாம பட்டினியா கெடக்கணுமா? வெக்கமா இல்ல?" என்று கேட்பார். அவர் வீட்டுக் கோழித் தீவனமும் வைக்கோலும் சாணி மூட்டையும் எந்த லாரியில் வந்து இறங்கின என்று மட்டும் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் இன்னொரு கட்டுக் கீரையைச் சுமந்துகொண்டு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

ஏற்றுமானூர் குரியச்சன் இந்த வகையில் முதல் தரம். வங்கி மேலாளராக இருந்தவர். தான் வேலை பார்த்த கிளைகளின் ஊர்ப் பெயர்களையே கோழிகளுக்கு வைத்திருந்தார். அடிமாலி, கட்டப்பனை, வைக்கம், பாலா. "பாலாவுக்கு இப்பல்லாம் வேலைல கவனமே இல்ல" என்று காலையில் அவர் சலித்துக்கொண்டால், மனைவி த்ரேஸ்யாம்மா "ஒரு மெமோ குடுங்க அச்சாயா" என்பாள். அவர் சிரிக்கமாட்டார். இந்த வகைக்குச் சிரிப்பு வராது.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. கோழிகள் இறகை உதிர்த்துவிட்டு, முட்டையிடுவதைச் சொல்லிவைத்தாற்போல நிறுத்தின. குரியச்சன் கூட்டுக்குள் தலையை விட்டுத் துழாவி, வெறுங்கையோடு வெளியே வந்து, சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பொறுக்கவில்லை த்ரேஸ்யாம்மாவுக்கு. பக்கத்து வீட்டு ஓமனக்குட்டனின் கடையில் நாட்டுக்கோழி முட்டை இரண்டு வாங்கி, அவர் பேப்பர் படிக்கும் நேரம் பார்த்துக் கூட்டில் வைத்துவிட்டாள். அன்றைக்கு அவர் இரண்டு தட்டு மரவள்ளிக் கிழங்கு சாப்பிட்டார். நல்ல காரியம்தான். ஆனால் ஒருநாள் வைத்தால் மறுநாள் வைக்காமல் முடியுமா?

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். பெங்களூரில் மகள் ஜின்ஸிக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பேரனைக் கையில் வாங்கவேண்டும் என்று த்ரேஸ்யாம்மாவுக்கு மனசு அடித்துக்கொண்டது. குரியச்சன் தடுத்தாரா? இல்லவே இல்லை.

"நீ போய்ட்டு வாடி. எனக்கு யாரு தயவும் வேண்டாம். நானாச்சு, என் கோழியாச்சு."

அவள் போனால் மறுநாளே முட்டை நின்றுபோகும். மனுஷன் இடிந்துபோவார். "மழை விடட்டும்மா" என்று மகளிடம் போனில் சொல்லிவிட்டு, அடுக்களையில் போய் அழுதாள்.

ஒருநாள் கடையில் நாட்டு முட்டை தீர்ந்துவிட்டது. "வாத்து முட்டைதான் இருக்கு சேச்சி" என்றான் ஓமனக்குட்டன். த்ரேஸ்யாம்மா கொஞ்சம் யோசித்தாள். கண்டுபிடித்தால் பிடிக்கட்டும், பஸ் ஏறவாவது வழி பிறக்கும் என்று அதையே கொண்டுபோய் வைத்தாள்.

"அடியே த்ரேஸ்யா! ஓடி வா! அடிமாலி செஞ்சிருக்கிற வேலையைப் பாரு!"

"அச்சாயா, அது வந்து..."

"மெதுவாப் பேசு! அதுக்குக் கூச்சமா இருக்கும்."

இத்தனை பெரிய முட்டை இயற்கைத் தீவனத்தின் வெற்றி என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. இதிலிருந்து புது இனமே உண்டாக்கப் போவதாக, அடைக்கு உட்கார்ந்திருந்த கட்டப்பனையின் வயிற்றுக்கடியில் அதைத் தள்ளினார். கோழிக்குஞ்சு வரவேண்டிய நாள் வந்தது, போனது. "பெரிய முட்டை, பெரிய ஆபீஸ் மாதிரி. மெதுவாத்தான் நகரும்" என்றார். இன்னும் ஒரு வாரம் கழித்து ஓடு விரிந்தது. தெருவே கூடி நின்றது. தட்டையான அலகும் ஜவ்வுக் காலுமாக ஒன்று வெளியே தலையை நீட்டியது.

"சாரே, புது இனத்துக்கு மூக்கு கொஞ்சம் சப்பையா இருக்கே?" என்றான் ஓமனக்குட்டன்.

யாரும் சிரிப்பை அடக்கவில்லை. குரியச்சன் மட்டும் மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"நான்தான் வச்சேன் அச்சாயா. இந்த மழை பூரா நான்தான் வச்சேன். இனிமே முடியாது. நாளைக்கு ஜின்ஸி வீட்டுக்குப் போறேன்."

தற்சார்புக்காரரை அவ்வளவு சுலபமாகச் சாய்க்க முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "பாத்தீங்கல்ல? இனி வாத்தும் இந்த வீட்டுலயே உற்பத்தி. வெளிய வாங்கவேண்டிய அவசியமில்ல."

கூட்டம் கலைந்தபின் அடுக்களை வாசலில் வந்து நின்றார். குரல் வெகுவாக இறங்கியிருந்தது.

"போறதுக்கு முன்னாடி ஓமனக்குட்டன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடி. தெனமும் ரெண்டு. வேலிக்கு மேல கையை நீட்டி வச்சிரச் சொல்லு. நான் பாக்கமாட்டேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். எங்கள் வீட்டில் கோழி ஏது என்கிறீர்கள். சரி, கோழி வேண்டாம். யார் தயவும் இல்லாமல் தனியாளாகச் சமாளிக்கிறேன் என்று நீங்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் ஏதோ ஒன்று இருக்குமல்லவா? அதை இன்னொரு தடவை சொல்வதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். யாராவது ஒருவர், காரணம் சொல்லாமல், ஆசைப்பட்ட பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாரா?