ஏழாம் நம்பர் மீட்டர்

மூன்றாவது தடவையாக டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தபோது மீட்டர் தலைக்கு ஷாம்பு போட்டிருந்தார். மோட்டார் நின்றது. தண்ணீர் நின்றது. கண் எரிந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினால் மாடிப்படி முழுக்க ஜனம். பன்னிரண்டு வீடும் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தது. இவர் ஒருத்தர்தான் பாதிக் குளியலில் நின்றார்.

மீட்டர் என்பது பட்டப்பெயர். மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுக்கிற வேலை. ஊரில் யார் எவ்வளவு எரிக்கிறார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சொந்த வீட்டு மீட்டரை மட்டும் திரும்பிப் பார்த்ததே இல்லை. நாள் பூரா பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தும் அதையே பார்க்க அவருக்கென்ன பைத்தியமா? பில் விவகாரமெல்லாம் மனைவி பாடு.

டிரான்ஸ்ஃபார்மரைச் சரி செய்தவர்கள் கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். "ஆளாளுக்கு மத்தியானம் ஏசி போட்டா இப்படித்தான். இன்னொரு தடவை வெடிச்சா ஒரு மாசத்துக்கு எங்களைக் கூப்பிடாதீங்க."

மேல் மாடித் தையல்கார அக்கா அழாத குறை. அவர் வீட்டுக்கு மேலே நேராக மொட்டை மாடிதான். இரட்டைப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. ஃபேனும் இல்லையென்றால் என்ன செய்வது?

மீட்டருக்கு ரத்தம் கொதித்தது. சமுதாயத்தையே திருத்திவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார். துண்டோடுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். காலையில் பீரோ கண்ணாடி முன்னால் ஒத்திகை.

"பூமி யாரால சூடாகுது? அதிகமா எரிக்கிறவனால! வேகுறது யாரு? எரிக்கவே வழியில்லாதவங்க! இது நியாயமா?"

"நியாயமே இல்லைங்க" என்றார் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"அதனால, யார் வீட்டுல யூனிட் அதிகமோ, அவங்க ஏசியைக் கழட்டி கீழ சைக்கிள் ரூம்ல மாட்டணும். மத்தியானம் எல்லாரும் அங்க ஒண்ணா உக்காரணும். மத்த ஏசியெல்லாம் அணைக்கணும். எப்படி?"

"பிரமாதம்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். மனைவி வாயிலிருந்து முதல் பிரமாதம். சந்தேகம் வந்திருக்க வேண்டும். மனுஷனுக்குப் பெருமைதான் வந்தது.

"பல் டாக்டர் மாட்டிக்கிட்டாரு பாரு! மூணு ஏசி! பல்லைப் புடுங்குறவர்கிட்டயே ஏசியைப் புடுங்கப் போறேன்."

"சரிங்க. போறதுக்கு முன்னாடி கீழ போய் நம்ம மீட்டரை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்களேன்."

"நம்ம மீட்டரா? நம்ம வீட்ல இருக்கிறது ஒரே ஒரு ஜன்னல் ஏசி. அதுவும் நான் வந்தப்புறம்தான் ஓடுது."

"பதினாலு படிதான்ங்க."

"நீ எனக்கு மீட்டர் பாக்கச் சொல்லித் தர்றியா?"

"சொல்றதைச் சொல்லிட்டேன்" என்றார் மனைவி. தலையணை உறையை உதறினார். "என்ன இது, தைல வாசனை?" என்று மீட்டர் மூக்கைச் சுருக்கினார். போன வாரம் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பச்சை யானை வரைந்திருந்ததையும் பார்த்திருந்தார். ஈரத்தில் வந்த கறை என்று நினைத்தார். கறைக்கு வால் இருந்தது. அதையும் அவர் யோசிக்கவில்லை.

கூட்டம் மீட்டர் பலகைக்கு எதிரிலேயே நடந்தது. பலகையில் இருக்கிற நம்பர் வேறு, கதவு நம்பர் வேறு. பேச்சு முடிந்ததும் ஒரே கைதட்டல். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பல் டாக்டரே கை தூக்கினார். "நீங்களே வாசிச்சுடுங்க சார், நீங்கதானே எக்ஸ்பர்ட்" என்றார்.

மீட்டர் பொத்தானை அமுக்கி அமுக்கி இந்த மாத யூனிட்டைக் கணீரென்று வாசித்தார். "ஒண்ணாம் நம்பர், நூத்திப் பத்து! ரெண்டு, தொண்ணூறு! நாலு, பல் டாக்டர்..." குரல் இறங்கியது. "இருநூத்தி முப்பதா?"

"நாங்க எல்லாரும் காலைல கிளினிக் போனா ராத்திரிதானே சார் வர்றோம்."

ஏழாவதை அமுக்கினார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி அமுக்கினார்.

"அறுநூத்தி நாப்பது! யாருய்யா இது? வெக்கமா இல்ல? ஏழாம் நம்பர் யாரு?"

"நாமதாங்க" என்றார் மனைவி.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

"இது... மீட்டர் கோளாறு. பகல்ல எங்க வீட்ல இவளைத் தவிர யாரு இருக்கா?"

"நாங்க!" என்று இரட்டையர் கத்தினார்கள். "அங்கிள் கட்டில் சூப்பரா குதிக்கும்!"

தையல்கார அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ரிட்டயர்டான போஸ்ட்மேன் தொண்டையைச் செருமினார். "தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. ஒரு மாசமா மத்தியானம் அங்கதான் படுக்கிறேன். தலகாணிதான் கொஞ்சம் உசரம்."

"எத்தனை பேரு?"

"சில நாள் பதினொண்ணு. சில நாள் பதினாலு" என்றார் மனைவி. "மேல வேகுறவங்களை அப்படியே விடச் சொல்றீங்களா? ஆனா நம்ம ரூம் பத்தலைங்க. பெரிய எடம் வேணும். உங்ககிட்ட எப்படிக் கேக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். நீங்களே தீர்மானம் போட்டுட்டீங்க."

"அப்போ இது நாம எரிச்சது இல்ல! பதினாலு பேரு எரிச்சது! வகுத்துப் பாரு!"

"வகுக்கலாமே. அப்ப ஏசி அங்கயே இருக்கட்டும். எல்லாரும் வழக்கம்போல உங்க கட்டிலுக்கே வந்துடுவாங்க. எது வசதி?"

மீட்டர் கட்டிலை நினைத்தார். இரட்டையரைப் பார்த்தார். ஸ்பேனர் எடுத்து வரப் போனார்.

அன்று மத்தியானமே ஏசி சைக்கிள் ரூமுக்கு வந்துவிட்டது. பின்பக்கத்தைத் தூக்கியவர் மீட்டர். கட்டடத்தில் மற்ற ஏசியெல்லாம் அணைந்தது. டிரான்ஸ்ஃபார்மர் முனகக்கூட இல்லை. இரட்டையர் முதுகைச் சொறியாமல் தூங்கினார்கள். பல் டாக்டர்கூடப் பாயோடு வந்துவிட்டார். உயரம் குறைந்த தலையணை போஸ்ட்மேனுக்குப் போனது. கடைசியாக வந்த மீட்டருக்குக் கதவோரம் இடம் கிடைத்தது, காற்று எட்டாத இடம். அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே மீட்டர் பலகை தெரியும். ஏழாம் நம்பர் அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பதினாலு படி. ஒரு எட்டு பார்த்துவிட்டு வரச் சொன்னார் மனைவி. அவர் பார்க்கவில்லை.